வன்னித் தண்ணீரில் முடியைக் காப்பாற்றுவது: வீட்டில் எண்ணெய் காய்ச்சத் தொடங்குவோருக்கு

இடமாற்றம் கிடைத்து வட இலங்கையின் வன்னிக்கு, மல்லாவிக்கோ ஒட்டுசுட்டானுக்கோ வந்து சேரும் ஆசிரியர்களும் தாதியர்களும் சில மாதங்களிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள்: "இந்தத் தண்ணி பட்டதிலயிருந்து முடி கொட்டுது, என்ன எண்ணெய் வைக்கலாம்?" இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதைக் கேட்காமல் இல்லை. கேட்ட உடனே ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் செவ்வரத்தம்பூ என்பார், இன்னொருவர் வெங்காயச் சாறு என்பார், கைபேசியில் பார்த்த வீடியோ வேறு ஏதோ சொல்லும். எல்லாவற்றையும் ஒரே கிழமையில் பூசிப் பார்த்து, தலை அரிப்பெடுத்து, பிறகு ஒன்றுமே வேண்டாம் என்று விட்டவர்கள் நிறையப் பேர்.

அதனால் இங்கே ஒரு வைத்தியத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இலை போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய், அதற்குத் துணையாக வெந்தயமும் செவ்வரத்தம் இலையும் அரைத்த பசை. இரண்டும் வன்னி வீடுகளில் பழகிய பொருட்கள், பெரிய செலவில்லை. ஆனால் தாச்சியை அடுப்பில் வைக்க முன் பார்க்க வேண்டியது வேறொன்று இருக்கிறது.

முதலில் சீப்பைப் பாருங்கள்

தலை இழுத்த பிறகு சீப்பில் நிற்கும் முடியை ஒரு வெள்ளைக் கடதாசியில் போட்டு, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பாருங்கள். முடி முழு நீளத்தில் இருக்கிறதா, ஒரு நுனியில் கடுகை விடச் சிறிய வெள்ளை முளை தெரிகிறதா என்று கவனியுங்கள். முளை இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. முளை இல்லாமல், கட்டை கட்டையாக, ஒரு விரல் நீளமும் அரை விரல் நீளமுமாகக் கிடந்தால் அது உதிரவில்லை, முறிந்திருக்கிறது.

இந்த வேறுபாட்டை நிதானமாகப் பாருங்கள், ஏனென்றால் வைத்தியம் இதிலேதான் பிரிகிறது. வீட்டு எண்ணெய் நன்றாக வேலை செய்வது முறியும் முடிக்கு. தோலுக்கு வெளியே நீண்டிருக்கும் முடி உயிரில்லாத இழை. அது தேயாமலும் முறியாமலும் வைத்திருக்க எண்ணெயால் முடியும். வேரிலிருந்து உதிர்வதற்குக் காரணம் பெரும்பாலும் உடம்புக்குள் இருக்கும். அதை எண்ணெய் தேய்த்து நிறுத்த முடியாது.

வேரோடு உதிர்வதிலும் ஓரளவு இயல்புதான். நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது எல்லோருக்கும் நடப்பது. கிழமைக்கு ஒரு தரம் மட்டும் தலைக்கு முழுகுகிறவர்களுக்கு அத்தனை நாள் முடியும் சேர்ந்து அன்றைக்கு வருவதால் பயமாக இருக்கும், அவ்வளவுதான். ஆனால் டெங்குக் காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதத்தின் பின், அல்லது பிள்ளை பிறந்து சில மாதத்தின் பின், கை நிறைய உதிர்ந்தால் அது உடம்பு பட்ட அதிர்ச்சியின் பலன். காய்ச்சல் நேரத்தில் ஓய்வுக்குப் போன முடிகள் அத்தனையும் இப்போது ஒன்றாக விழுகின்றன. இடம் மாறி வந்த புதிதில் சாப்பாடும் நித்திரையும் குழம்பிய ஆட்களுக்கும் இப்படி வரலாம். பழி தண்ணீர் மேல் விழும். பெரும்பாலானோருக்கு இது தானாகவே நின்று முடி திரும்ப வரும், ஆறு மாதமோ ஒரு வருடமோ பொறுக்க வேண்டும்.

கடதாசியில் கட்டை முடிதான் அதிகம் என்றால், அடுத்ததாகப் பார்க்க வேண்டியது கிணறு.

உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி

வன்னியின் நிலத்தடி நீர் பல இடங்களில் வன்மையானது. கல்சியமும் மக்னீசியமும் கூடிய நீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை பிடிக்கிறதா, குளியலறை வாளியின் விளிம்பு சாம்பல் நிறத்தில் சொரசொரக்கிறதா என்று பாருங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு சிறிய போத்தலில் பாதிக்குக் கிணற்றுத் தண்ணீர் எடுத்து, கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி நகத்தளவு போட்டு, மூடிக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் செய்தால் நுரை கழுத்து வரை ஏறி நிற்கும். வன்னீரில் நுரை உடனே அடங்கும், திரிந்த பால் மாதிரி வெள்ளைக் கசடு மிதக்கும். அந்தக் கசடுதான் சவர்க்காரம் போட்டு முழுகும்போது முடியிலும் ஒட்டிக்கொள்கிறது. காய்ந்ததும் முடி விறைத்து, சிக்குப் பிடித்து, இழுக்கும்போது முறிகிறது.

ஆகவே முதல் மருந்து, தலைக்குக் கட்டிச் சவர்க்காரம் போடுவதை நிறுத்துவது. ஷாம்பு இந்த மாதிரிக் கசடு கட்டாது. சீயாக்காய்த் தூளோ, இலுப்பைப் பிண்ணாக்கு ஊறவைத்த தண்ணீரோ பழக்கமென்றால் அவையும் நல்லவை. இலுப்பைப் பிண்ணாக்கிலும் சீயாக்காயிலும் இயற்கையாகவே நுரைக்கும் பொருள் உண்டு. இலுப்பைக்கடவை, இலுப்பைக்குளம் என்று ஊருக்கே பெயர் வைத்த மண்ணில் அந்தப் பிண்ணாக்கு தேடினால் கிடைக்காமல் போகாது. கண்ணில் மட்டும் படக்கூடாது, கடுமையாக எரியும்.

மாரியில் மழைத் தண்ணீர் பிடிக்கும் வசதி இருந்தால், கடைசியாக அலசுவதற்கு அதை வையுங்கள். முதல் இரண்டு மூன்று மழை கூரையைக் கழுவட்டும், அதற்குப் பிறகு பிடியுங்கள். வாளியையும் தொட்டியையும் இறுக்கி மூடி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் நுளம்பு முட்டையிட்டு டெங்குக்கு வழி செய்ததாகிவிடும். கோடையில் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்தண்ணீரை எடுத்தால் வன்மை ஓரளவு குறையும். ஒரு செம்பு போதும், முழுக்க அதில் குளிக்கத் தேவையில்லை. குடிக்கக் காசு கொடுத்து வாங்கும் சுத்திகரித்த தண்ணீரைத் தலையில் ஊற்றவும் வேண்டாம்.

இலை பறிக்கும்போது

அரை லீட்டர் தேங்காய் எண்ணெய்க்கு இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, பத்துச் செவ்வரத்தம்பூ, ஒரு கைப்பிடி கையாந்தகரை (கரிசலாங்கண்ணி என்றாலும் இதுதான்), ஒரு மேசைக்கரண்டி வெந்தயம். இது போதும். பன்னிரண்டு மூலிகை, பதினெட்டு மூலிகை என்று சேர்க்கச் சேர்க்கப் பலன் கூடும் என்று நினைக்க வேண்டாம். தலையில் கடி வந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க முடியாமல் போகும்.

எண்ணெய் எதுவாக இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, தேங்காய் எண்ணெய்தான். அதிலுள்ள லோரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு என்பதால் முடி இழைக்குள்ளேயே புகக்கூடியது. 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முழுகும்போது முடியிலிருந்து கழுவிப்போகும் புரதத்தைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். இலைகளைப் பொறுத்தவரை கையாந்தகரைக்கும் செவ்வரத்தைக்கும் எலிகளில் செய்த சோதனைகள் உண்டு, மனிதரில் வலுவான சான்று குறைவு. அதனால் கனம் எண்ணெய்க்கு, இலை அதற்குத் துணை. நல்லெண்ணெய் முழுக்கு உடம்புக்குச் சுகமானது, அதைத் தொடருங்கள். முடி முறிவுக்கு மட்டும் தேங்காய் எண்ணெயை எடுங்கள். ஊர் எண்ணெய் மில்லில் கண் முன்னால் ஆட்டித் தருவதை வாங்குவது நல்லது.

கறிவேப்பிலையும் செவ்வரத்தையும் வேலியிலேயே நிற்கும். செவ்வரத்தையில் ஐந்து இதழ் கொண்ட சிவப்பு நாட்டுப் பூவை எடுங்கள், காம்பையும் நடுத்தண்டையும் நீக்கி இதழை மட்டும் வையுங்கள். கவனம் தேவைப்படுவது கையாந்தகரைக்குத்தான். ஈரமான வரம்பு, வாய்க்கால் ஓரம், கிணற்றடி என்று மாரியில் எங்கும் முளைக்கும். இலை ஒன்றுக்கொன்று எதிராக, நீண்டு, தொட்டால் சற்றுச் சொரசொரப்பாக இருக்கும். வெள்ளைப் பூ சட்டைப் பொத்தானை விடச் சிறியது. தண்டை முறித்துக் கையில் நசுக்கிப் பாருங்கள். முதலில் பச்சைச் சாறுதான் வரும். கொஞ்ச நேரம் காற்றுப் பட்டதும் விரல் கறுக்கத் தொடங்கும். கறுக்காவிட்டால் அதை எறிந்துவிடுங்கள்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் பார்த்தீனியம் என்ற களைச்செடி. இலங்கையில் அது முதன்முதல் பதிவானது 1999-ல் வவுனியாவில். இன்றைக்குத் தெருவோரமும் தரிசுக் காணியும் அதால் நிறைந்திருக்கிறது. அதற்கும் சின்ன வெள்ளைப் பூ, அதனால் புதிதாகப் பறிக்க வருபவர் ஏமாறுவது எளிது. பார்த்தீனியத்தின் இலை கரட் இலை மாதிரிக் கிழிந்து கிழிந்து இருக்கும், செடி இடுப்பளவுக்கும் வளரும், பூ கொத்துக் கொத்தாக நிற்கும். கையாந்தகரையின் இலை கிழிந்திருக்காது, செடி பெரும்பாலும் நிலத்தோடு படரும். பார்த்தீனியம் தோலில் பட்டாலே சிலருக்குக் கடுமையான அரிப்பும் கொப்புளமும் வரும். அதை எண்ணெயில் காய்ச்சித் தலையில் தேய்த்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இன்னொன்று. வயல் வரம்பில் எவ்வளவு செழிப்பாக நின்றாலும் பறிக்காதீர்கள். காலபோகத்தில் களைநாசினியும் பூச்சி மருந்தும் அடித்த வயலின் வரம்பில் நிற்கும் செடிக்கும் அதே மருந்து பட்டிருக்கும், கழுவினால் முழுக்கப் போகாது. காடு, கைவிடப்பட்ட காணி என்று தெரியாத இடத்துக்குள் மூலிகை தேடி இறங்குவதும் கூடாது. வெடிபொருள் அகற்றி முடியாத நிலம் வடக்கில் இன்னும் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகை விழுந்து கிடக்கலாம். கையாந்தகரையின் தண்டு கணுவிலேயே வேர் விடும். நாலு துண்டை ஒரு பழைய வாளியில் ஊன்றி, கிணற்றடியில் வைத்துத் தண்ணீர் விட்டால், அடுத்த முறைக்குத் தேவையானது வீட்டிலேயே வந்துவிடும்.

எண்ணெய் காய்ச்சுதல்

பறித்ததையெல்லாம் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி, துவாயில் ஒற்றி, சுளகில் பரப்பி நிழலில் போடுங்கள். ஒரு நாள் முழுக்கக் கிடக்கட்டும். இலையின் மேல் ஒரு சொட்டு ஈரமும் இருக்கக்கூடாது. ஈரம் இருந்தால் கொதிக்கும் எண்ணெய் வெடித்து முகத்தில் தெறிக்கும், காய்ச்சிய எண்ணெயும் சீக்கிரம் பழுதாகும். கார்த்திகை மழைக்குள் இலை எப்படித்தான் வைத்தாலும் உலராது. தை பிறந்து வெயில் திரும்பிய பிறகு செய்வது எளிது, அப்போதும் கையாந்தகரை பச்சையாகவே நிற்கும்.

அடி தடித்த தாச்சியில் எண்ணெயை ஊற்றி, மிகக் குறைந்த நெருப்பில் வையுங்கள். விறகடுப்பென்றால் கொள்ளியை இழுத்துவிட்டுத் தணலில் மட்டும் காய்ச்ச வேண்டும். எண்ணெய் சூடேறியதும் கறிவேப்பிலையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், பிறகு கையாந்தகரை, பிறகு இதழ்கள். போட்டதும் சளசளவென்று நுரைத்துச் சத்தம் எழும். அந்தச் சத்தம் இலைக்குள் இருக்கும் தண்ணீர் கொதித்து வெளியேறுவது. அகப்பையால் அடிபிடிக்காமல் மெதுவாகக் கிண்டிக்கொண்டே இருங்கள். அடுப்பை விட்டு அங்கே இங்கே போக வேண்டாம், பிள்ளைகள் அந்தப் பக்கம் வரவும் வேண்டாம்.

அரை மணித்தியாலம் அளவில் சத்தம் தணியத் தொடங்கும். பெரிய குமிழி சிறிதாகும், பிறகு நின்றுவிடும். எண்ணெய் கரும்பச்சையாக மாறியிருக்கும். ஓர் இலையை எடுத்து ஆறவிட்டு விரலால் அழுத்தினால் பொரித்த வடகம் போல நொறுங்க வேண்டும். துவண்டால் இன்னும் தண்ணீர் இருக்கிறது. இந்த நேரத்தில் வெந்தயத்தைப் போடுங்கள். முதலிலேயே போட்டால் அது கருகிவிடும். வெந்தயம் பொன்னிறமானதும் உடனே இறக்குங்கள். பதம் சரியா என்று பார்க்கப் பழைய வழி ஒன்று இருக்கிறது. ஆறிய எண்ணெயில் ஒரு சிறு பஞ்சுத் திரியைத் தோய்த்து, தாச்சிக்குத் தள்ளி வைத்துக் கொளுத்துங்கள். சடசடக்காமல் அமைதியாக எரிந்தால் தண்ணீர் இல்லை. சடசடத்தால் திரும்பவும் சற்றுக் காய்ச்ச வேண்டும்.

தப்பித்தவறி எண்ணெயில் நெருப்புப் பிடித்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. ஒரு மூடியால் தாச்சியை மூடி, அடுப்பை அணையுங்கள்.

எண்ணெய் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகு உலர்ந்த பருத்தித் துணியில் வடித்து, வெயிலில் காயவைத்த கண்ணாடிப் போத்தலில் ஊற்றுங்கள். சூட்டோடு ஊற்றினால் போத்தல் வெடிக்கலாம். போத்தலை வெளிச்சம் படாத இடத்தில் வைத்து, ஈரக் கை, ஈரக் கரண்டி படாமல் பாவியுங்கள். இரண்டு மூன்று மாதத்துக்குள் முடித்துவிட வேண்டும். காறல் மணம் வந்தாலோ பூஞ்சணம் தெரிந்தாலோ, எவ்வளவு பாடுபட்டுக் காய்ச்சியிருந்தாலும் ஊற்றிவிடுங்கள்.

தலைக்கு வைக்க முன்

முழங்கையின் உட்பக்கத்தில் இரண்டு சொட்டுத் தேய்த்து, இரண்டு நாள் பாருங்கள். சிவந்தாலோ கடித்தாலோ அந்த எண்ணெய் உங்களுக்கு இல்லை. வெந்தயப் பசைக்கும் தனியாக இதைச் செய்யுங்கள். கச்சான், கடலை ஒத்துக்கொள்ளாத ஆட்கள் வெந்தயத்தை விட்டுவிடுவது நல்லது. அதுவும் அந்தப் பயற்றுக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான், அதே ஒவ்வாமை இதிலும் வரலாம்.

வைப்பதும் முழுகுவதும்

கிழமைக்கு இரண்டு நாள் போதும். முழுகுவதற்கு இரண்டு மூன்று மணித்தியாலம் முன் வையுங்கள், வேலைக்குப் போகிறவர்கள் முதல் நாள் இரவே வைக்கலாம். தோள் வரை நீண்ட முடிக்கு இரண்டு தேக்கரண்டி எண்ணெய் காணும். அதில் முக்கால்வாசி முடியின் கீழ்ப்பாதிக்கும் நுனிக்கும் போக வேண்டும். நாம் வழக்கமாக உச்சியில் ஊற்றித் தேய்த்துவிட்டு நுனியைக் கவனிக்காமல் விடுகிறோம். வயது கூடிய, தேய்ந்த, முறியும் பகுதி நுனிதான். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்றிமீற்றர்தான் வளரும். அப்படியென்றால் இடுப்புத் தொடும் பின்னலின் நுனி ஐந்தாறு வருட வெயிலும் தண்ணீரும் பார்த்தது.

மிச்சத்தை விரல் நுனியில் தொட்டுத் தலைத்தோலில் மெதுவாக உருட்டுங்கள். நகம் படவேண்டாம், வேகமாகத் தேய்த்தால் அந்தத் தேய்ப்பிலேயே முடி முறியும். பொடுகு இருப்பவர்கள் தலைத்தோலுக்கு எண்ணெய் வைக்கவே வேண்டாம். வறட்சியால் பொடுகு வருகிறது, எண்ணெய் வைத்தால் போகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பொடுகோடு சேர்ந்திருக்கும் மலசீசியா என்ற பூஞ்சை எண்ணெயைத் தின்றுதான் பெருகும். அப்படிப்பட்டவர்கள் மருந்தகத்தில் கிற்றோகொனசோல் ஷாம்பு கேட்டு வாங்கிப் பொடுகை அடக்கிவிட்டு, எண்ணெயை நுனிக்கு மட்டும் வைக்கலாம்.

எண்ணெயோடு நாள்கணக்கில் திரிவதும் வேண்டாம். சோளகம் வீசும் மாதங்களில் கிரவல் றோட்டுப் புழுதி அத்தனையும் தலையில் ஒட்டும், நெற்றியில் பருவும் வரும்.

முழுகும்போது ஷாம்பு என்றால் அதைக் கையில் தண்ணீரோடு கலந்து தலைத்தோலுக்கு மட்டும் போடுங்கள். நுனிக்கு வழியும் நுரை போதும். எண்ணெய்ப் பசை முழுக்கப் போகவேண்டும் என்று மூன்று நாலு தரம் தேய்க்காதீர்கள். கிணற்றுத் தண்ணீர் வன்மையாக இருந்தால் ஒரு லீட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி தேசிக்காய்ப் புளி கலந்து தலையில் விட்டு, இரண்டு நிமிடத்தில் நல்ல தண்ணீரால் அலசுங்கள். முடியில் ஒட்டிய கசட்டை அந்தப் புளிப்புக் கரைக்கும். ஆனால் தேசிக்காய்ச் சாறு தோலில் இருக்க வெயிலுக்குப் போனால் தோல் வெந்து கறுத்துப்போகும். அதனால் கழுத்து, காது, கை எல்லாவற்றையும் கழுவிவிட்டுத்தான் முற்றத்துக்கு வரவேண்டும். இந்த வெயிலில் இதை இலேசாக எடுக்காதீர்கள்.

ஈர முடிக்குப் பலம் குறைவு. துவாயால் அடித்து உதறாமல் ஒற்றி எடுங்கள். அரைவாசி உலர்ந்த பிறகு, பல் அகன்ற சீப்பால் நுனியில் தொடங்கி மேலே வாருங்கள். பள்ளிக்கூடம் போகும் பெண்பிள்ளைகளின் முடி கெடுவது பெரும்பாலும் விடியற்காலை ஈரத்தோடு இறுக்கிப் போடும் இரட்டைப் பின்னலால். பின்னலின் இழுவை வருடக்கணக்கில் நீடித்தால் நெற்றியோரமும் காதோரமும் முடி மெலிந்து, சில சமயம் திரும்ப வராமலே போகும். முதல் நாள் பின்னேரம் முழுகவைத்து, காலையில் சற்றுத் தளரப் பின்னிவிடுங்கள். மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியில் தினமும் போய்வருபவர்கள் தலைக்கவசத்தின் உள்ளே ஒரு மெல்லிய பருத்தித் துணி கட்டினால் உரசல் குறையும்.

வெந்தயமும் செவ்வரத்தம் இலையும்

இது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை, எண்ணெய் வைக்காத நாளில். ஒரு மேசைக்கரண்டி வெந்தயத்தை இரவே ஊறவைத்து, காலையில் பத்துச் செவ்வரத்தம் இலையோடு மை போல அரையுங்கள். வழுவழுவென்று வரும். அந்த வழுவழுப்புத்தான் முடியைச் சிக்கில்லாமல் வைப்பது. துணியில் ஒருமுறை வடித்தால் துகள் தலையில் நிற்காது. இருபது நிமிடம் வைத்து, நிறையத் தண்ணீரில் அலசுங்கள். சளிக்காரர் காலையில் செய்யாமல் வெயில் ஏறிய பிறகு செய்யலாம். வெந்தய மணம் ஒரு நாள் நிற்கும்.

தலையில் வைக்கக் கூடாதவை

பச்சை உள்ளியை அரைத்துப் பூசினால் தோல் வேகும். பேனுக்கு என்று மண்ணெண்ணெயும் பயிருக்கு அடிக்கும் மருந்தும் தலையில் தேய்க்கும் பழக்கம் எங்கேயாவது மிச்சமிருந்தால் உடனே நிறுத்துங்கள், பிள்ளைகளின் உயிருக்கே ஆபத்தானது. பேனுக்குத் தேங்காய் எண்ணெய் தாராளமாக வைத்துப் பேன் சீப்பால் நாலைந்து நாளுக்கு ஒருமுறை, மூன்று கிழமை தொடர்ந்து வாருங்கள். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் வார வேண்டும்.

எவ்வளவு காலம் பார்ப்பது

தொடங்கும் நாளில் உச்சி வகிடும் பின்னலின் நுனியும் தெரிய, அதே யன்னல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். மூன்று மாதத்தின் பின் அதே இடத்தில் நின்று இன்னொன்று. அதற்கு முன் கண்ணாடியில் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கட்டை முடி குறைந்திருக்கிறதா, சீப்பு இலகுவாக இறங்குகிறதா என்பதுதான் கேள்வி. முடி அடர்ந்து கறுத்துவிட்டதா என்று தேடாதீர்கள், அந்த வேலையை இந்த எண்ணெய் செய்யாது. பரம்பரையாக ஆண்களுக்கு வரும் வழுக்கையையும் இது தடுக்காது.

இந்த மூன்று மாதத்தில் சாப்பாட்டையும் பாருங்கள். முட்டை, நெத்தலி, பயறு, கடலை, முருங்கை இலை, பொன்னாங்காணி எல்லாம் சந்தையில் கிடைப்பவைதான். சோறு சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப்போடுங்கள், தேயிலை சாப்பாட்டில் உள்ள இரும்பை உடம்பு எடுக்கவிடாது. கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். மாதப்போக்கு அதிகமாக உள்ள பெண்களுக்கு இது முக்கியம். இரும்புக் குறைவு வேரோடு முடி உதிர ஒரு பெரிய காரணம்.

வைத்தியரிடம் போக வேண்டியது எப்போது

நாணயம் அளவில் வட்டமாக, மழமழவென்று முடி போயிருந்தால் அது புழுவெட்டு. புழு எதுவும் வெட்டுவதில்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தி முடி வேரைத் தாக்குவது. தேய்த்துப் புண்ணாக்காமல் காட்டுங்கள். பிள்ளையின் தலையில் செதிலோடு முடி முறிந்து வட்டம் வந்தால் படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு உள்ளுக்கு எடுக்கும் மருந்து வேண்டும், எண்ணெய் வைத்தால் சரிவராது. களைப்பு, உடல் எடை மாற்றம், மாதவிடாய்க் குழப்பம் இவற்றோடு முடி கொட்டினால் தைரொயிட்டும் இரும்பும் பார்க்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பிறகு தொடங்கிய உதிர்வு ஆறு மாதம் கடந்தும் நிற்காவிட்டாலும் போக வேண்டும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவில் முதலில் காட்டினால், தேவையென்றால் தோல் வைத்தியரிடம் அனுப்புவார்கள். அரச சித்த வைத்தியசாலைக்கும் போகலாம், தைலங்களில் அவர்களுக்கு அனுபவம் உண்டு. எங்கே போனாலும் சீப்பில் சேர்ந்த முடியைக் கடதாசியில் சுற்றி எடுத்துப் போங்கள், காய்ச்சிய எண்ணெய்ப் போத்தலையும் கொண்டு போய் அதில் என்னென்ன போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.